ஐந்து, ஒன்று, ஒன்று, எட்டு

நோலீன் மூன்றாவது இலக்கத்தைப் படித்துவிட்டு நான்காவதற்குக் கண்ணை நகர்த்துவதற்குள் பின்னாலிருந்து விடை வந்துவிட்டது.

"ஏழும் ஆறும் பதிமூணு. மூணு போனா பத்து. மிச்சம் இருக்கிற ஒண்ணால பெருக்கிக்கோ," என்றான் ஆங்கஸ், ஃபோனிலிருந்து தலையைத் தூக்காமலே.

எதிர் நடைமேடையில் நகரத்துக்குப் போகிற ரயில் நின்றிருந்தது. நேர் எதிரே நின்ற பெட்டியில் 6137 என்று எழுதியிருந்தது. அது அவர்கள் ஏறப்போகிற ரயில்கூட இல்லை.

"உன்னை யாருடா கேட்டா?"

"யாரும் கேக்கல. அப்பாவையுந்தான் யாரும் கேட்டதில்ல."

அது நியாயமான பதில். அந்த அப்பா, மெர்வ், இந்நேரம் ஒரு நீளமான கறுப்புக் காரில் படுத்தபடி சதர்லாந்து தகன மண்டபத்துக்குப் போய்க்கொண்டிருப்பார். மனைவியும் மூன்று பிள்ளைகளும் மார்ட்டேல் ஸ்டேஷனில் நின்றார்கள். நோலீனும் மூத்தவள் ட்ரூடியும் கறுப்பு உடுப்பில் இருந்தார்கள். நடுவில் பிறந்த க்ளெனிடம் கறுப்பில் காலுறை மட்டும்தான் இருந்தது. துக்கத்துக்கு அது போதும் என்று அவன் முடிவு செய்திருந்தான்.

ரயிலில் வர வேண்டும் என்பது மெர்வ் செய்துவிட்டுப் போன ஏற்பாடு. "என்னைக் கார்லதான் கொண்டுபோவாங்க, அதுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது. நீங்களாவது மரியாதையா ரயில்ல வாங்க" என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார். நகரத்துக் கட்டடங்களில் லிஃப்ட் பழுதுபார்ப்பது அவர் வேலை. மேலும் கீழும் போகச் சம்பளம் வாங்கினார், பக்கவாட்டில் போக ரயிலை வைத்துக்கொண்டார். கார் ஓட்டக் கற்றுக்கொள்ளவே இல்லை. கார் எண்ணில் எழுத்துகளைக் கலந்துவிடுகிறார்கள், அதை வைத்து ஒரு மனிதன் என்ன செய்வது என்று கேட்பார்.

சிட்னியில் ரயிலேறிப் பள்ளிக்கூடம் போன யாருக்கும் இந்த விளையாட்டு தெரியும். பெட்டியில் நான்கு இலக்கம் இருக்கும். வரிசையை மாற்றலாம், கூட்டலாம், கழிக்கலாம், பெருக்கலாம், வகுக்கலாம். நான்கையும் ஒரே ஒரு தடவை பயன்படுத்திப் பத்தாக்க வேண்டும். மற்றவர்கள் பள்ளிக்கூடத்தோடு இதை விட்டுவிடுவார்கள். மெர்வ் விடவில்லை. பத்து வராமல் பெட்டியை விட்டு இறங்கக் கூடாது என்று வீட்டுக்கு ஒரு சட்டமே போட்டிருந்தார். இதனால் ட்ரூடி ஒருமுறை தன் நிச்சயதார்த்த விருந்துக்கே தாமதமாகப் போனாள்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நோலீன் ஒரு பெட்டியைக்கூடப் பத்தாக்கியதில்லை. முடியாமல் இல்லை. மெர்வ் விட்டதில்லை. அவள் எண்ணைப் பார்ப்பாள், உதட்டைக் குவிப்பாள், உடனே பக்கத்து இருக்கையிலிருந்து விடை பொத்தென்று விழும். "ரெண்டு நிமிஷம் வாய மூடிட்டு இரு மெர்வ், நானே போட்டுருவேன்" என்பாள். "சரி சரி, அடுத்ததுல" என்பார் மெர்வ். அடுத்ததிலும் அவரால் முடியாது. கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. சிலரால் தும்மலை அடக்க முடியாது, அது போல.

இப்போது வாயை மூடிவிட்டார். அவர் நெருப்புக்குள் போவதற்கு முன்னால், யாரும் சொல்லிக்கொடுக்காமல், ஒரே ஒரு பெட்டியைத் தானே பத்தாக்கிவிட வேண்டும் என்று அன்று காலை தலைவாரும்போது நோலீன் தீர்மானித்திருந்தாள். பிள்ளைகளிடம் சொல்லவில்லை. சொன்னால் "பாவம் அம்மா" என்று எளிய பெட்டியாகத் தேடி உட்காரவைத்துவிடுவார்கள்.

அவள் எதிர்பாராதது, மெர்வின் வாய் கடைசி மகனின் ஃபோனுக்குள் குடியேறியிருக்கும் என்பது. ஆங்கஸ் பல்கலைக்கழகத்தில் கணினிப் பாடம் எடுப்பவன். ஆஸ்பத்திரியில், அப்பாவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மடிக்கணினியில் தட்டிக்கொண்டே இருந்தானே, அது ஏதோ அலுவலக வேலை என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

"எப்படிடா அது இவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்குது?" என்று கேட்டான் க்ளென்.

"நாலு எண் இருக்கா. அதுல ரெண்ட எடுத்து ஒண்ணாக்கிடும். இப்ப மூணுதான் பாக்கி. அந்த மூணையும் இன்னொரு ஆள்கிட்ட குடுத்துடும்."

"எந்த ஆளு?"

"அதேதான். அதே புரோகிராம். அது மூணுல ரெண்ட ஒண்ணாக்கி, மிச்சத்த மறுபடி தன்கிட்டயே குடுக்கும். கடைசில ஒத்த எண் மிஞ்சும். அது பத்துன்னா சரி. இல்லைன்னா, இல்லன்னு மேல சொல்லி அனுப்பும். மேல இருக்கிறது வேற ரெண்ட எடுத்துப் பாக்கும்."

"அப்போ யாருமே வேலைய முடிக்கல. ஆளாளுக்குக் கொஞ்சம் பண்ணிட்டு அடுத்தவன் தலையில கட்டறானுங்க."

"உங்கப்பா பாத்திரம் கழுவுன மாதிரி," என்றாள் நோலீன். "ரெண்டு தட்டக் கழுவிட்டு, மிச்சம் உனக்குன்னுட்டுப் போயிடுவாரு."

ஆங்கஸுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "மீதி இல்லாம வகுபட்டாத்தான் வகுக்க விடுவேன். வகுபடலைன்னா அந்த வழிய அங்கேயே வெட்டி எறிஞ்சிடும். டிவில வர்ற கணக்குப் போட்டில எல்லாம் அப்படித்தான். அதனாலதான் இவ்வளவு வேகம்."

"பேர் வெச்சிருக்கியா அதுக்கு?" என்றாள் ட்ரூடி. எதற்கும் பெயர்ச்சீட்டு ஒட்டி வைப்பவள் அவள்.

"மெர்வ்," என்றான் ஆங்கஸ். "மெர்வ் மெர்வைக் கூப்பிடும். அந்த மெர்வ் இன்னொரு மெர்வைக் கூப்பிடும். அது அதைவிடச் சின்ன மெர்வ்."

"ஒருத்தரையே என்னால சமாளிக்க முடியல," என்றாள் நோலீன்.

க்ளென் சிரித்தான். ட்ரூடி கைப்பையில் எதையோ தேட ஆரம்பித்தாள். ஆங்கஸ் தன் ஷூ நுனியைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அதற்குள் அவர்களுடைய ரயில் வந்துவிட்டது.

வாசலை ஒட்டிய நீள இருக்கையில் நால்வரும் உட்கார்ந்தார்கள். எதிரே பெட்டியின் கோடியில், அடுத்த பெட்டிக்குப் போகிற கதவை அடைத்துக்கொண்டு அலைச்சறுக்குப் பலகை ஒன்று சாய்ந்திருந்தது. அதன்மேல் அதன் சொந்தக்காரன் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். முப்பது முப்பத்தைந்து வயது, தாடி, வெறுங்கால். அவன் தலைக்கு மேல் பெட்டியின் எண்.

5118.

நோலீன் உதட்டைக் குவித்தாள். ஆங்கஸின் கட்டைவிரல் நாலு தடவை தட்டியது. அவள் தோள்களைச் சுருக்கிக்கொண்டு விடைக்காகக் காத்திருந்தாள். வரவில்லை.

"விடை இல்ல," என்றான் ஆங்கஸ்.

"இல்லைன்னா?"

"பத்து வராது. மெர்வ் எல்லா வழியும் பாத்துட்டாரு. ஆயிரக்கணக்கான வழி. எதுலயும் வரல."

"அப்போ எறங்க முடியாது," என்றான் க்ளென். "சட்டம் சட்டந்தான். நேரா க்ரோனுல்லா போய் கடல்ல குதிப்போம். அப்பாவ அவங்களே பாத்துப்பாங்க."

"வெளையாடாத க்ளென். இன்னிக்கு அவர் சட்டத்த மீறக் கூடாது," என்றாள் ட்ரூடி. "ஓட்லி வருது. எறங்கி அடுத்த பெட்டில ஏறிக்குவோம்."

"பத்து வராம எறங்கறதுதானே தப்புங்கறேன்."

"விடையே இல்லாத பெட்டி பெட்டிக் கணக்குலயே சேராது."

"அப்பா இப்படிச் சொன்னாரா?"

"நான் சொல்றேன்."

மூத்தவள் சொன்ன பிறகு அந்த வீட்டில் மேல்முறையீடு கிடையாது. ஓட்லியில் கதவு திறந்ததும் மூன்று பேரும் எழுந்தார்கள். நடைமேடையில் இறங்கி ட்ரூடி திரும்பினாள். "அம்மா, வா."

"வரேன்," என்றாள் நோலீன்.

வரவில்லை. ஐந்து, ஒன்று, ஒன்று, எட்டு என்று அவள் வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். நாற்பது வருடத்துக்கு மேலாக அவளுக்கு வாய்க்காதது இன்றைக்கு வாய்த்திருந்தது. ஓர் எண், அதற்கு விடை சொல்ல ஆள் இல்லை. இதை விட்டுவிட்டு இன்னொரு பெட்டிக்குப் போய் இன்னொரு விடையைக் காதில் வாங்க அவளுக்கு மனமில்லை.

மணி அடித்தது. கதவு மூடியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ட்ரூடியின் உள்ளங்கை பதிந்தது. அவளுக்குப் பின்னால் க்ளென் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தான். அவன் சிரிக்கிறான் என்று தாய்க்குத் தெரியும், மற்றவர்கள் துக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள். ரயில் நகர்ந்தது.

ஃபோன் அடித்தது.

"ஏம்மா எறங்கல?"

"கால் மரத்துப்போச்சு."

"சதர்லாந்துல எறங்கி அங்கேயே நில்லு. எங்கயும் போகாத. நாங்க அடுத்த ரயில்ல வரோம்."

"நான் எங்கடி போகப்போறேன்," என்று சொல்லிவிட்டு, நோலீன் ஃபோனைக் கைப்பையின் அடியில், கைக்குட்டைக்கும் கீழே தள்ளினாள்.

ரயில் ஆற்றுப் பாலத்தில் ஏறியது. படகுகள் வெயிலில் வரிசையாக நின்றன. வழக்கமாக அவள் இந்த இடத்தில் தண்ணீரைப் பார்ப்பாள், மெர்வ் எண்ணைப் பார்ப்பார். இன்றைக்குத் தண்ணீரைப் பார்க்க யாரும் இல்லை.

எட்டும் ஒன்றும் ஒன்றும் பத்து. ஐந்து வெளியே நிற்கிறது. சரி, ஒன்றும் ஒன்றும் இரண்டு, ஐயிரண்டு பத்து. இப்போது எட்டு வெளியே நிற்கிறது. அரை மனதாக, ஐந்தையும் எட்டையும் கூட்டிப் பதின்மூன்றாக்கி இரண்டு ஒன்றுகளையும் கழித்தாள். பதினொன்று. ஒன்றே ஒன்று கூடுதல். அதைப் பிடித்து ஜன்னல் வழியாக எறிந்துவிடலாம் போல் இருந்தது. பத்தை அவளால் செய்ய முடிந்தது. செய்த ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருவர் வாசலில் செருப்போடு நின்றார்.

கோமோ வந்தது, போனது. ஜன்னாலியும் போயிருக்க வேண்டும்.

"இது எந்த ஸ்டேஷன் ஆன்ட்டி?"

பலகைக்காரன் விழித்திருந்தான். நோலீன் வெளியே பார்த்தாள். ரயில் ஒரு ஸ்டேஷனை விட்டுக் கிளம்பி, பெயர்ப்பலகை பின்னால் ஓடிக்கொண்டிருந்தது.

"சதர்லாந்து," என்றாள். பிறகு, "அய்யய்ய, நான் அங்கதான் எறங்கணும்."

"பரவால்ல, அடுத்தது கிர்ராவி. எறங்கித் திரும்பிப் போயிடலாம். அவசரமா?"

"என் வீட்டுக்காரரோட இறுதிச் சடங்கு."

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். காலில் ஏதாவது போட்டிருக்கலாமே என்று அவனுக்குத் தோன்றியது முகத்தில் தெரிந்தது. "அவரு... சதர்லாந்துல இருக்காரா?"

"ஆமா. அவசரமில்ல. அவரு எங்கயும் போகமாட்டாரு."

அவன் அவள் பார்வை போன இடத்துக்குத் தலையைத் திருப்பி, தனக்கு மேலிருந்த எண்ணைப் பார்த்தான். "அட, இந்தப் பெட்டியா. ஸ்கூல் படிக்கறப்ப எங்க செட்டு மொத்தமும் இதுல மாட்டியிருக்கோம். ஒரு வாரம் சோறு தண்ணி இறங்கல."

"இதுக்கு விடை இல்லையாம். என் மகன் கம்ப்யூட்டர்ல பாத்துட்டான்."

"இல்லையா? யாரு சொன்னா? இருக்கு ஆன்ட்டி. சூப்பரான விடை. மொதல்ல என்ன பண்ணணும்னா..."

"தம்பி," என்றாள் நோலீன். "இதுக்கு மேல ஒரு வார்த்தை சொன்ன, அந்தப் பலகைய ரெண்டா ஒடைச்சிடுவேன்."

அவன் வாயை மூடினான். கன்னம் உப்பி, கண் பிதுங்கி, கிர்ராவி வரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தான். கேட்டவுடன் வாயை மூடிய முதல் ஆணை நோலீன் மரியாதையோடு பார்த்தாள். கதவு திறந்ததும் எழுந்து, "ரொம்ப நன்றி" என்றாள். அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

ஆக விடை இருக்கிறது. திரும்பி வருகிற ரயிலின் எண் என்ன என்று அவள் பார்க்கவே இல்லை.

சதர்லாந்து நடைமேடையில் மூன்று பேரும் மூன்று திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் எதிர்த் திசையிலிருந்து வந்து இறங்கியதைக் க்ளென்தான் முதலில் பார்த்தான்.

"எங்கம்மா போன?"

"கிர்ராவி."

"கிர்ராவில என்ன?"

"ஒண்ணுமில்ல. எறங்க மறந்துட்டேன்."

"ஏன் ஃபோன எடுக்கல?" என்றாள் ட்ரூடி. அவள் கண்மை கலைந்திருந்தது. "நான் என்னென்னவோ நினைச்சுட்டேன்."

"புருஷன் சாவுக்குப் போற வழியில ஸ்டேஷனக் கோட்டை விட்ட பொம்பளைய நான் கேள்விப்பட்டதே இல்ல," என்றான் க்ளென். "அப்பா இருந்திருந்தா மெடல் குத்தியிருப்பாரு."

ஆங்கஸ் அவள் கைப்பையை வாங்கிக்கொண்டான். நால்வரும் வேகமாக நடந்தார்கள்.

மண்டபத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். முன் வரிசை மட்டும் காலி. லிஃப்ட் வேலைக்காரர்கள் இரண்டு வரிசை வந்திருந்தார்கள். பழக்கதோஷத்தில் எல்லோரும் கதவைப் பார்த்துக்கொண்டு, பேசாமல், கையை முன்னால் கட்டியிருந்தார்கள். சடங்கை நடத்த வந்திருந்த பெர்னடெட் என்ற பெண்மணி, நோலீனின் கையை இரண்டு கைகளாலும் பிடித்து, "நேரம் எடுத்துக்கங்க. இது கஷ்டமான நடைன்னு எனக்குத் தெரியும்" என்றாள். நோலீன் மூச்சு வாங்கியபடி ஆமென்று தலையாட்டினாள்.

பெர்னடெட் பேசினாள். மெர்வ் ரயிலை நேசித்தார், குடும்பத்தை நேசித்தார் என்றாள். இந்த வரிசை சரிதான் என்று நோலீன் நினைத்தாள். எட்டை ஐந்தால் வகுத்தால் ஒன்றும் கொஞ்சமும் வருகிறது. அந்தக் கொஞ்சத்தை எங்கே வைப்பது?

பிறகு ஆங்கஸ் எழுந்து போனான். கையில் தாள் இல்லை.

"அப்பாவோட கடைசி நாள் டாக்டர் வந்தாங்க," என்றான். "கட்டிலுக்கு மேல இருந்த திரைய அரை நிமிஷம் பாத்தாங்க. ஆக்ஸிஜன் தொண்ணூத்திரெண்டு, நாடி எண்பத்தெட்டு. இந்த எண்ணெல்லாம் எனக்கு அவ்வளவு திருப்தியா இல்ல மெர்வ்னாங்க. அப்பா கண்ணத் தொறக்காம சொன்னாரு: ஏன், நல்லாத்தானே இருக்கு. ஒன்பதுல எட்டு போனா ஒண்ணு. எட்டும் ரெண்டும் பத்து. பெருக்கிக்கங்கன்னாரு."

லிஃப்ட் வேலைக்காரர்கள் சிரித்தார்கள். மண்டபம் முழுக்கச் சிரித்தது. நோலீனும் சிரித்தாள். அப்போது கட்டிலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவளும் அந்த எண்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பதிலிருந்து எட்டைக் கழிக்கவும் செய்திருந்தாள். மெர்வ் இன்னும் ஒரு மூச்சு நேரம் விட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

"அதுக்கப்புறம் அவர் எதுவும் பேசல," என்றான் ஆங்கஸ். மேலே சொல்ல வாயெடுத்தான். மைக்கைச் சரிசெய்தான். அது சரியாகத்தான் இருந்தது. இறங்கி வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

பாட்டு ஒலித்தது. சவப்பெட்டிக்கு முன்னால் திரை இரண்டு பக்கமிருந்தும் மெல்ல நகர்ந்தது. ட்ரூடி க்ளெனின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். நோலீன் நேராக, அசையாமல், கண் கொட்டாமல் உட்கார்ந்திருந்தாள். பின் வரிசையிலிருந்த பக்கத்து வீட்டுக்காரி தன் தங்கையிடம், "என்ன ஒரு திடம் பாரு" என்று கிசுகிசுத்தது கேட்டது. திடம் இல்லை. சீக்கிரம், சீக்கிரம் என்று நோலீன் ஒன்றையும் ஐந்தையும் புரட்டிக்கொண்டிருந்தாள். திரையின் இரண்டு ஓரங்களும் தொட்டுக்கொண்டபோது அவள் மறுபடியும் பதினொன்றில் நின்றாள்.

அவ்வளவுதான். நினைத்தது நடக்கவில்லை. வெளியே வந்து எல்லோர் கையையும் குலுக்கினாள்.

வீட்டுக்கு வந்ததும் ட்ரூடி மார்ட்டேல் பேக்கரியின் அட்டைப்பெட்டியைச் சமையலறை மேஜையில் வைத்தாள். க்ளென் கறுப்புக் காலுறையைக் கழற்றி, தன் துக்கத்தை முடித்துக்கொண்டான். கெட்டில் கொதித்தது.

"நல்லா இருந்துச்சு இல்ல?" என்றாள் ட்ரூடி. "அந்தம்மா நல்லாப் பேசினாங்க."

"ரயில நேசிச்சாராம்," என்றான் க்ளென். "ரயில் மூணு நிமிஷம் லேட்டா வந்தா அவர் பேசின பேச்ச அந்தம்மா கேட்டிருக்கணும்."

நோலீன் பெட்டியைத் திறந்தாள். லாமிங்டன், சாக்லேட்டில் முக்கித் தேங்காய்த் துருவலில் புரட்டிய சதுரக் கேக்குகள். அந்த வீட்டில் நல்லதுக்கும் கெட்டதுக்கும் அதுதான், ஆளுக்கு இரண்டு. எப்போதும் பெட்டி நிறைந்து, மூடினால் துருவல் ஒட்டும். இன்றைக்கு ஒரு பக்கம் இடம் விட்டிருந்தது.

"கம்மியா இருக்கே. வழக்கம்போல வாங்கிட்டு வான்னுதானே சொன்னேன்."

"எட்டு," என்றாள் ட்ரூடி. "ஆளுக்கு ரெண்டுதானே."

"கடைக்காரம்மா பழக்கத்துல பத்து எடுத்து வெச்சுட்டாங்க," என்றான் க்ளென். "ட்ரூடிதான் ரெண்ட எடுக்கச் சொன்னா."

ட்ரூடி கெட்டில் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். "நான் வேணும்னு சொல்லல," என்றாள் சுவரிடம். "எண்ணிப் பாத்தேன். நாலு பேர்தான் வந்துச்சு."

ஆங்கஸ் கோப்பைகளை எடுத்து வைக்கப் போய், ஒன்றை மறுபடி அலமாரிக்குள் வைத்தான்.

நோலீன் அட்டைப்பெட்டியில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து இருக்க வேண்டிய இடம். ஐந்து பேரில் ஒருவர் போனால் ஐந்தில் ஒரு பங்கு போகும். ஒரு முழுசில் அந்த ஒரு பங்கு குறைந்த பிறகு மிச்சம் இருப்பதுதான் எட்டு.

அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

ஒன்றை ஐந்தால் வகு. அதை இன்னோர் ஒன்றிலிருந்து கழி. வருவது ஐந்தில் நாலு பங்கு. எதனுடைய ஐந்தில் நாலு பங்கு எட்டு? எட்டை அந்த ஐந்தில் நாலால் வகுத்துப் பார். ஐந்து வந்துவிட்டது, ஒன்று வந்துவிட்டது, இன்னோர் ஒன்றும் வந்துவிட்டது, எட்டும் வந்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து, விரலை மடக்கிப் பார்த்தாள். வெளியே யாரும் நிற்கவில்லை.

பத்து.

வாயைத் திறந்து வலது பக்கம் திரும்பினாள். அந்தப் பக்கம் குளிர்சாதனப் பெட்டிதான் இருந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

"துணி காஞ்சிருக்கும்," என்று சொல்லிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு போனாள்.

குடை போல் விரிந்த துணிக்கொடி காற்றில் தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த துணிகளைக் காலையிலேயே துவைத்துப் போட்டிருந்தாள். மெர்வின் பைஜாமா அவளைக் கடந்து போய், ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி வந்தது. அவள் கையை நீட்டிக் கொடியை நிறுத்தினாள். பைஜாமாவை எடுத்துத் தோளில் போட்டாள். உள்ளே ட்ரூடி மூக்கைச் சிந்துவதும், க்ளென் ஏதோ சொல்ல அவள் அழுகைக்கு நடுவே சிரிப்பதும் கேட்டன.

ஆங்கஸ் படியிறங்கி வந்தான். கையில் ஃபோன் இருந்தது.

"அம்மா, அந்தப் பெட்டி. எனக்கு மனசு சரியாவே இல்ல. அப்பா எத்தனை தடவ அதுல போயிருப்பாரு. விடை இல்லைன்னா ஒரு தடவயாவது வீட்ல வந்து புலம்பியிருப்பாரே. புலம்பினாரா?"

நோலீன் படுக்கை விரிப்பின் ஒரு முனையிலிருந்த க்ளிப்பை எடுத்தாள்.

"ஏதோ ஒரு வழிய நான் வெட்டிவிட்டுட்டேன்னு தோணுது," என்றான். அவளைப் பார்த்தான். "ஏம்மா சிரிக்கிற?"

அவள் க்ளிப்பை வாயில் கவ்விக்கொண்டாள். இன்னொன்றையும் எடுத்து அதன் பக்கத்தில் கவ்விக்கொண்டாள். ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினாள்.

அவன் ஃபோனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு விரிப்பின் மறுமுனையைப் பிடித்தான். இருவரும் அதை உதறி, நீட்டி, பாதியாக மடித்தார்கள். பிறகு ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்தார்கள். அவள் தன் இரண்டு நுனிகளையும் அவன் கையில் கொடுத்துவிட்டு, கீழே தொங்கிய மடிப்பைக் குனிந்து எடுத்தாள். க்ளிப்புகள் இரண்டும் இன்னும் அவள் பல்லுக்கு நடுவில் இருந்தன.